பத்துக்கு நாலு

அத்தியாயம் 14

நம் டிக்‌ஷனரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "பத்துக்கு நாலு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அவன் நிம்மதியாகத் தூங்கினான். அவன் மனைவி தூங்கவில்லை. எனக்கும் அந்த ஆள்மீது வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. டிக்‌ஷனரி என்பது ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயர். யார் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாலும் கேட்காமலே போய்த் திருத்துவான். அதற்காக வைத்தார்கள். அவன் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அதை நாம் கெடுப்பானேன்?

அவன் மனைவி கண் பரிசோதனைப் படிப்புப் படித்தவள், கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மேற்படிப்பு முடித்தால் பெரிய கண் மருத்துவமனையில் சேரலாம். இல்லையென்றால் ஆயுசுக்கும் ஃப்ரேம் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு. தன் பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயம் ஒன்றே ஒன்றில்தான்: ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்து, அதைப் படித்துப் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்வார்களே, அதில்.

அதற்காகத்தான் மஞ்சள் அட்டைப் புத்தகம் வாங்கினார்கள். வாங்கிய அன்றே கடைசியில் இருந்த விடைப் பக்கங்களை டிக்‌ஷனரி பிளேடு போட்டு அறுத்து எடுத்துவிட்டான். "விடை கைக்கு எட்டற தூரத்துல இருந்தா மூளை வேலை செய்யாது" என்றான். ஆபீஸ் மேஜையில் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னான். அவள் தினமும் ஒரு பத்திக்குப் பதில் எழுதித் தருவாள். மறுநாள் ஆபீஸுக்கு எடுத்துப் போய்த் திருத்தி, சாயங்காலம் மார்க்கோடு வருவான்.

ஆறு மாதமாக அவள் வாங்குவது நாலு. அபூர்வமாக அஞ்சு.

இன்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தாங்க" என்றாள், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

"எது?" என்றான், ஷூ லேஸிலிருந்து தலையைத் தூக்காமல்.

எதுவா! ஆறு மாதமாக அந்த வீட்டில் வேறு என்ன பேச்சாம்?

"விண்ணப்பம். எல்லாம் நிரப்பி வெச்சாச்சு. கடைசிப் பட்டனை அமுக்கறதுதான் பாக்கி."

அவன் பெருமூச்சு விட்டான். பாவம், அவனுக்குத்தான் எவ்வளவு பொறுமை! "நேத்து எவ்வளவு?"

"நாலு."

"முந்தாநாள்?"

"நாலு."

"மொத்தமே மூணு தடவைதான் எழுத விடறாங்க. இந்த மார்க்கை வெச்சுக்கிட்டு ஒண்ணை ஏன் வீணாக்கற? அடுத்த வருஷம் தெம்பா எழுதிக்கலாம். நான் எங்க போயிடப் போறேன்? சொல்லித்தரேன்."

"அந்தப் பாலம்தான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது..."

பாலம் என்பது நேற்றுத் திருத்திக்கொண்டு வந்த பத்தி. ஒரு மேயர் தன் ஊரில் பெரிய பாலம் ஒன்று கட்டித் திறக்கிறார். அவரை மாமனிதர், தொலைநோக்குச் செம்மல் என்று எழுத்தாளர் வரிக்கு வரி புகழ்கிறார். கடைசியில், அந்த ஊரில் ஆறே கிடையாது என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. மேயரைப் பற்றி எழுத்தாளரின் எண்ணம் என்ன என்பது கேள்வி. அவள் பரிகாசம் என்று போட்டிருந்தாள். டிக்‌ஷனரி அதைச் சுழித்துவிட்டு மரியாதை என்று எழுதியிருந்தான்.

"ஆறே இல்லாத ஊர்லங்க பாலம் கட்டியிருக்கார் அந்த ஆளு" என்றாள்.

"அதனால? புகழ்ந்துதானே எழுதியிருக்கான்? எழுதினதைப் படி. எழுதாததை எல்லாம் நீயா கொண்டுபோய் அதுல போடாத. உன் வியாதியே இதுதான்."

"நானும் மரியாதைன்னுதான் போட்டேன் அண்ணி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டிக்‌ஷனரியின் தங்கை குட்டி, வாயில் ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு வந்து நின்றாள். அவளும் இதே தேர்வு எழுதப்போகிறவள், வேறு படிப்புக்கு. அதே புத்தகம், அதே பத்திகள், அதே வாத்தியார். அவள் வாங்குவது ஒன்பது, சில நாள் பத்து. முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

"நாலு மார்க் அண்ணி, உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ரொம்ப யோசிக்காதீங்க. நான் யோசிக்கறதே இல்ல, பட்டுபட்டுன்னு போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

"அது ரத்தத்துல வரணும்" என்றான் அண்ணன், தங்கையின் தலையில் தட்டி.

"சாயங்காலம் சீக்கிரம் வா அண்ணா. இன்னிக்கு ஆபீஸ்ல ஒரு காரியம் பண்ணப்போறேன். கேக் வாங்கிட்டு வரேன்."

மனைவிக்கு அழுகை வந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆறு மாதமாக ஒருத்தியை உனக்குப் புரியாது, உனக்குப் புரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கோபப்படுகிற இடமே மரத்துப்போய்விடுகிறது.

"சரிங்க. இந்த வருஷம் விட்டுடறேன்" என்றாள்.

"அதான் புத்திசாலித்தனம்" என்று அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

◆

கடையில் அன்று கூட்டமில்லை. சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் ஒரு பெண் வந்தாள். படித்தால் தலைவலிக்கிறது என்றாள்.

மனைவி அவளை இருட்டறையில் உட்காரவைத்து, சோதனை ஃப்ரேமை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு எடுத்தாள். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி. பதில் சொல்கிறவர்கள் யாரையும் அவள் இதுவரை தப்பு என்று சொன்னதில்லை. அவர்கள் கண், அவர்களுக்குத்தானே தெரியும்?

"இப்ப கிட்டப் பார்வை பாக்கணும். நீங்க வழக்கமாப் படிக்கறது ஏதாவது பையில இருக்கா? அதையே படிங்க. எங்க எழுத்து அட்டையைக் காட்டிலும் அதுதான் சரியா வரும்."

அந்தப் பெண் பையிலிருந்து மஞ்சள் அட்டைப் புத்தகத்தை எடுத்தாள்.

அதிசயம் ஒன்றுமில்லை. அந்தத் தேர்வு எழுதுகிற எல்லோர் கையிலும் இருக்கிற புத்தகம்தான். மனைவியின் கண் போனது அட்டைக்கு அல்ல, புத்தகத்தின் பின்பக்கத்துக்கு. இதில் கடைசிப் பக்கங்கள் அறுபடாமல் முழுசாக இருந்தன.

"ஒரே ஒரு நிமிஷம். பின்னாடி விடையை நான் பாக்கலாமா?"

"தாராளமா. நீங்களும் எழுதறீங்களா மேடம்?"

"இல்ல" என்றாள். காலையில்தான் எடுத்த முடிவு. "எங்க வீட்ல ஒருத்தர் எழுதறாங்க."

பாலம் பத்தியின் விடைகளைத் தேடிப் பிடித்தாள். தன்னுடைய பத்துப் பதிலும் அவளுக்கு மனப்பாடம், நேற்றிரவெல்லாம் அதையேதான் புரட்டிக்கொண்டு கிடந்தாள். முதலாவது சரி. இரண்டாவது சரி. மேயர் கேள்விக்கு வந்தாள். பரிகாசம் என்றுதான் போட்டிருந்தது.

மொத்தம் எட்டு.

தப்பாகப் பார்க்கிறோமோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கண் பரிசோதிக்கிறவளுக்கு வந்த நிலைமையைப் பாருங்கள். கைப்பையில் போன வாரத்துத் தாள்கள் கிடந்தன. அவற்றையும் பிரித்து வைத்து ஒப்பிட்டாள். அவன் நாலு போட்டது எட்டு. இன்னொரு நாலு, ஏழு. அவன் பெரிய மனசு பண்ணி அஞ்சு போட்டது ஒன்பது.

"மேடம், உக்காருங்க. ஏன் இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்லைம்மா. இந்தப் பக்கங்களை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

விடைப் பக்கங்களை ஒன்று விடாமல் படம் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பியபோது மணி ஐந்தரை தாண்டிவிட்டது. அழக்கூட நேரமில்லை. போனில் விண்ணப்பத்தைத் திறந்தாள். எல்லாம் நிரப்பினபடியே இருந்தது. கடைசிப் பட்டனை அமுக்கினாள்.

பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது, அதை இங்கே நிரப்பவும் என்று வந்தது.

பதிவு செய்த எண் அவனுடையது. ஆரம்பத்தில் கணக்குத் திறந்தவன் அவன்தான். "உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" என்று தன் எண்ணைப் போட்டிருந்தான்.

போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள்.

"என்ன? மேனேஜர் ரூம்ல இருக்கேன்" என்று கிசுகிசுத்தான்.

"என்னங்க, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அது என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"என்ன நம்பர்?"

"விண்ணப்பத்துக்கு. ஆறு மணிக்குள்ள போடணும். நம்பர் என்ன, அதை மட்டும் சொல்லுங்க."

"காலைலதானே பேசி முடிச்சோம்? வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

செய்தி அனுப்பினாள். கெஞ்சி அனுப்பினாள், அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவன் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை. விண்ணப்பத் திரையிலேயே இன்னொரு தடவை புது எண் கேட்டாள், அதுவும் அவன் சட்டைப் பையில் போய்த்தான் விழுந்தது.

கடைச் சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆனதும் திரையில், விண்ணப்பிக்கும் நேரம் முடிந்தது, நன்றி என்று வந்தது. நன்றியாமே நன்றி.

◆

வீட்டுக்குள் நுழைந்தவன், மேஜை எதிரே அவள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்ததுமே பேச்சை ஆரம்பித்தான்.

"கோபமா இருக்கியா? கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாரு, நான் பண்ணினது..."

"நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நாலு மார்க்கை வெச்சுக்கிட்டு ஏதோ ஆவேசத்துல அமுக்கறன்னு தெரிஞ்சுது. உன் நல்லதுக்குத்தான் விட்டேன்."

"விடைப் பக்கம் எங்க?"

"எங்க இருக்கும்? ஆபீஸ்ல."

அவள் போனைத் திறந்து அந்தப் படத்தை அவன் முன்னால் தள்ளினாள். பக்கத்திலேயே பாலம் பத்திக்கான தன் விடைத்தாளையும் வைத்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். அதுவும் அவள் கையால் பரிசோதித்துக் கொடுத்த கண்ணாடிதான்.

விரலை வைத்து ஒவ்வொரு விடையாக ஒப்பிட்டுக்கொண்டு போனான்.

"எட்டு" என்றாள். "எட்டை நாலாக்கிட்டு வந்து எங்கிட்ட சொல்லியிருக்கீங்க. ஆறு மாசமா! நான் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணினேன்? நான் படிச்சு மேல போயிட்டா உங்களுக்கு அடுக்காதா?"

"ஐயோ, சத்தியமா அப்படி இல்ல!"

"பின்ன எப்படி? விடையைக் கையில வெச்சுக்கிட்டு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"விடை என் கையில இல்ல."

"என்னது?"

"அறுத்து எடுத்த அந்த வாரமே பஸ்ல விட்டுட்டேன். கவரோட போச்சு." அவன் குரல் இறங்கிவிட்டது. "உங்கிட்ட சொன்னா சிரிப்பியேன்னு..."

"அப்ப எதை வெச்சுத் திருத்தினீங்க?"

அவன் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எதை வெச்சுங்க?"

"நானே போட்டேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு உக்காந்து, ஒவ்வொண்ணுக்கும் நானே விடை போட்டு, அதை வெச்சுத் திருத்தினேன். அது தப்பா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. காலேஜ்ல இங்கிலீஷ்ல நான்தான் முதல் மார்க். ஆபீஸே என்னை டிக்‌ஷனரிங்குது..."

அவன் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஆத்திரம் இன்னும் கூடியது.

"பொய் சொல்லியிருந்தீங்கன்னாக்கூடத் தேவலைங்க" என்றாள். "நான் சரின்னு உங்களுக்காவது தெரிஞ்சிருக்கும்."

"நான்..."

"நான் சரியாப் போட்டதை எல்லாம் சுழிச்சிருக்கீங்க. உங்களை மாதிரி போடலைன்னு சுழிச்சிருக்கீங்க. அந்தச் சுழியைப் பாத்துப் பாத்து, எனக்கு மூளையே இல்லைன்னு நானும் நம்பிட்டேனே! ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவ சொல்றது சரியா இருக்குமோன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

டிக்‌ஷனரி தான் போட்ட சுழியை விரலால் அழிக்கப் பார்த்தான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணா! குடுத்துட்டேன்!" என்று குட்டி கேக் பெட்டியோடு ஓடிவந்தாள்.

"என்னத்தைக் குடுத்தே?"

"ராஜினாமா! முழு நேரமும் உக்காந்து படிக்கப்போறேன். மேனேஜர்தான், 'ராத்திரி நல்லா யோசி, காலைல வந்து சொல்லு, அப்புறம்தான் மேல அனுப்புவேன்'னார். யோசிக்க என்ன இருக்கு? ஒம்பது ஒம்பதா வாங்கறவ ஏன் யோசிக்கணும்?"

இரண்டு வருஷம் படியேறி இறங்கிக் கிடைத்த வேலை அது. அவளும் அண்ணன் யோசிக்கிற மாதிரியே யோசிக்கிறவள், அதனால்தான் ஒன்பது. அது டிக்‌ஷனரிக்கு இப்போதுதான் உறைத்தது.

"இன்னிக்குப் பத்தியை ஆபீஸ்லயே போட்டுட்டேன். இந்தா, திருத்து."

"விடை ஆபீஸ்ல இருக்கு குட்டி" என்றான். பழக்கதோஷம்.

"எதுக்கு ஆபீஸ் வரைக்கும்?" என்றாள் மனைவி. "எல்லாப் பத்திக்கும் விடை இந்தப் போன்ல இருக்கு. இங்கயே திருத்துங்க. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பாக்கறோம்."

அவன் போனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தான். அந்தப் பத்தியை மனைவியும் படித்திருந்தாள். அவன் படத்திலிருந்த விடையைப் பார்த்தான், தங்கையின் தாளைப் பார்த்தான். முதல் பதில் தப்பு. சரி என்று குறித்தான். இரண்டாவதும் தப்பு. அதையும் சரி என்று குறித்தான். பென்சில் நிற்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் குட்டிக்கு மூன்று வந்தால் அதிகம்.

"ஒம்பது" என்றான்.

சத்தியம் பண்ணினானே, அதெல்லாம் சற்று முன்னால் வரைக்கும். இது, சரியான விடையைக் கண் எதிரே வைத்துக்கொண்டு சொன்ன பொய். தங்கை முகம் வாடக்கூடாது என்று ஒரு நொடியில் அவனுக்குப் பொய் வந்தது. பெண்டாட்டி முகம் ஆறு மாதமாக வாடினது கண்ணில் படவே இல்லை.

"பாத்தீங்களா!" குட்டி அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நாலு மார்க் அண்ணி, கவலையே படாதீங்க. நான் பாஸ் பண்ணிட்டு வந்து உங்களுக்குச் சொல்லித்தரேன்."

இருக்கட்டும், போய் விழட்டும், அப்போது தெரியும் என்று மனைவிக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை நான் மறைக்கமாட்டேன். ஆறு மாதமாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

"விடைன்னு ஒண்ணை இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்" என்று குட்டி போனை எடுத்தாள். "அந்த ஒண்ணு எது தப்புன்னு பாக்கறேன் இரு. அட, பூட்டிக்கிச்சே."

டிக்‌ஷனரி மனைவியைப் பார்த்தான். தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம், சொல்லிவிடாதே என்று அவன் கண் கெஞ்சியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

குட்டி போனை அவள் பக்கம் நீட்டினாள்.

"நம்பர் என்ன அண்ணி?"